அட்லாண்டிக் மேல ஒரு ரோடு, வங்காள விரிகுடா மேல ஒரு ரோடு

முன்னாடியே சொல்லிடறேன், இது நீளமான பதிவு. கொஞ்சம் கணக்கு வரும். சமன்பாடு எதுவும் வராது, பயப்படாம படிங்க.

2021 ஜனவரியில் ரெடிங் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. கேத்தி வெல்ஸ், பால் வில்லியம்ஸ் மற்றும் சிலர் சேர்ந்து எழுதினது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவுல போற விமானங்கள் காத்தை ஒழுங்காப் பயன்படுத்தினா எவ்வளவு எரிபொருள் மிச்சமாகும்னு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த ஆய்வு. பத்திரிகைகள் வழக்கம்போல அதுல இருந்து ஒரே ஒரு எண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க: 16 சதவீதம். "பாதையை மாத்தினா 16 சதவீதம் எரிபொருள் மிச்சம்." விமானத்தைப் பத்திப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இன்னிக்கும் இந்த எண்ணை எடுத்து விடறாங்க. போன மாசம் எங்க டிபார்ட்மென்ட் செமினாரிலும் வந்துச்சு. புது இன்ஜின் வேண்டாம், புது எரிபொருள் வேண்டாம், கோட்டை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டா போதும், இந்த முட்டாள்களுக்கு இது கூடவா தெரியாது என்கிற தொனியில்.

எனக்கு இதுல பாதி சம்மதம், பாதி சண்டை. சம்மதம் ஆய்வோட. சண்டை அதை மேற்கோள் காட்டுறவங்களோட. கடைசியில் நம்ம சென்னைக்கும் ஒரு சண்டை வச்சிருக்கேன்.

முதல்ல அடிப்படை. தரை மேல போற விமானத்தை ரேடார் பார்க்கும். கடல் மேல ரேடார் கிடையாது. ரேடார் நேர்கோட்டில்தான் பார்க்கும், பூமியோ உருண்டை. 35,000 அடி உயரத்தில் பறக்கிற விமானமா இருந்தாலும் கரையில இருந்து சுமார் 230 கடல் மைல் தாண்டினா அடிவானத்துக்குக் கீழே போயிடும். லண்டன்–நியூயார்க் தூரம் சுமார் 5,500 கிலோமீட்டர். அதுல பெரும்பகுதியை யாரும் பார்க்காமத்தான் அம்பது அறுபது வருஷமா ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. பைலட் அப்பப்ப "நான் இந்த அட்சரேகை, இந்த தீர்க்கரேகையில இருக்கேன், அடுத்த இடத்துக்கு இத்தனை மணிக்குப் போவேன்"னு சொல்லுவார். கரையில் இருக்கிறவர் அதைக் குறிச்சு வச்சுக்குவார். ஊருக்குப் போற தம்பி ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பானே, அது மாதிரி.

கண்ணுக்குத் தெரியாத விமானங்களை முட்டிக்காம வைக்க ஒரே வழி, நடுவுல நிறைய இடம் விடறது. ராத்திரி ஒரு நூறு விமானம் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, எல்லாமே காலையில் ஐரோப்பாவில் இறங்கணும்னு ஆசைப்படும்போது, ஆளாளுக்கு ஒரு பாதையில் விட முடியாது. அதனால தினமும் வானிலைக் கணிப்பைப் பார்த்து கடல் மேல அஞ்சாறு இணைகோடு போட்டாங்க. வட அட்லாண்டிக் ட்ராக் அமைப்புன்னு பேர். பகல்ல மேற்கே போற ட்ராக்குகளை ஷான்விக் போடும். ராத்திரி கிழக்கே வர்றதை கனடாவில் இருக்கிற கேண்டர் போடும். (ஷான்விக்னு ஒரு ஊரைத் தேடாதீங்க. அயர்லாந்தின் ஷானனும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கும் சேர்ந்து செஞ்ச பேர். அந்தக் காலத்து சினிமா பேனர் மாதிரி.) மேற்கே போறதுக்கு ஏ, பி, சி, டி. கிழக்கே வர்றதுக்குக் கடைசி எழுத்துகள், இசட், ஒய், எக்ஸ். கான்கார்டுக்கு மட்டும் தனியா மாறாத ட்ராக் இருந்துச்சு. அது பறந்த உயரத்தில் காத்து பெருசா தொந்தரவு பண்ணாது, அதனால தினம் மாத்த வேண்டிய தேவையும் இல்லை.

இப்ப காத்து. ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் மேல்வானத்து ஆறு. குளிர்காலத்தில் வெறி பிடிச்சு ஓடும். 2020 பிப்ரவரி 8-ஆம் தேதி ராத்திரி, கியாரா புயல் சமயத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸோட 747 ஒண்ணு நியூயார்க்கிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிஷத்தில் வந்துச்சு. தரையிலிருந்து அளந்தா ஒரு கட்டத்தில் மணிக்கு 800 மைலுக்கு மேல வேகம். ஒலியை விட வேகமாப் போயிடுச்சான்னு கேட்டாங்க சிலர். இல்லை, காத்தோட சேர்ந்து போச்சு. ஓடற ரயிலுக்குள்ள நடக்கற மாதிரி.

ஒகேனக்கல்லில் பரிசல்ல போயிருக்கீங்களா? பரிசல்காரர் எதிர்க்கரையில் இறங்க வேண்டிய இடத்துக்கு நேரா துடுப்பு போடமாட்டார். தண்ணி இழுக்கிற பக்கத்தைப் பார்த்து, கொஞ்சம் மேல ஏறி, சில இடத்துல சும்மா விட்டு, சில இடத்துல முழு பலத்தோட தள்ளி, கடைசியில் சரியான பாறைகிட்ட கொண்டு வந்து நிறுத்துவார். பார்க்கிறவனுக்குச் சுத்தற மாதிரி இருக்கும். அவருக்கு அதுதான் குறுக்கு வழி. இதையே கணக்காப் போட்டவர் எர்ன்ஸ்ட் செர்மெலோ என்கிற ஜெர்மன் கணித அறிஞர், 1931-ல். ஓடற காத்துல, மாறாத வேகத்தில் போற ஒரு ஊர்தி, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சீக்கிரம் போக எந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பி வச்சுக்கணும்? கேள்வி அவ்வளவுதான். வரைபடத்தில் குட்டையா தெரியற பாதை வேற, காத்துக்குள்ள குட்டையா இருக்கிற பாதை வேற. எரிபொருள் எரியறது ரெண்டாவது தூரத்துக்குத்தான்.

ரெடிங் ஆட்கள் பண்ணது இதைத்தான். 2019 டிசம்பர் 1-லிருந்து 2020 பிப்ரவரி 29 வரை, மொத்தம் 91 நாள். ஒவ்வொரு நாளும் உண்மையா அடிச்ச காத்தை எடுத்துக்கிட்டாங்க. அதுல சிறந்த பாதை எதுன்னு கணக்குப் போட்டாங்க. அன்னிக்குப் போட்டிருந்த ட்ராக்குகளோட ஒப்பிட்டாங்க. மேற்கே போறப்ப 0.7 முதல் 7.8 சதவீதம், கிழக்கே வர்றப்ப 0.7 முதல் 16.4 சதவீதம் மிச்சம் பண்ண முடியும்னு வந்தது. அந்த 16 எங்கிருந்து வந்ததுன்னு இப்ப தெரியுதா? கிழக்கே வர்ற ட்ராக்குகள்ல மகா மோசமான ஒண்ணு, மகா மோசமான ஒரு நாள்ல. சராசரி என்னன்னா மேற்கே 1.7, கிழக்கே 2.5. கட்டுரையை எழுதினவங்க சராசரியை ஒளிக்கலை. ரெண்டையும் சொல்லியிருக்காங்க. தலைப்பு போடறவர்தான் பெரிய எண்ணைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டார். பத்தாம் வகுப்புல பள்ளிக்கூடத்து முதல் மார்க்கை மட்டும் பேனர்ல போடுவாங்களே, அதே டெக்னிக்.

ரெண்டரை சதவீதம்தானேன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. விமான நிறுவனத்தோட மொத்தச் செலவில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு எரிபொருள்தான். நியூயார்க்கிலிருந்து லண்டன் வர்ற ஒரு நடுத்தர அகல உடல் விமானம் சுமார் 30 டன் எரிக்கும்னு வச்சுக்குவோம். (எரிக்கறது பெட்ரோல் இல்லை, ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்குச் சித்தப்பா பையன்.) அதுல ரெண்டரை சதவீதம்னா 750 கிலோ. ஒரு கிலோவுக்கு 3.16 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. ஒரு தடவை வர்றதுக்கு ரெண்டேகால் டன்னுக்கு மேல. கொரோனாவுக்கு முன்னாடி இந்தக் கடலை ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் விமானம் தாண்டிக்கிட்டு இருந்தது. நீங்களே பெருக்கிக்குங்க. சின்ன விஷயம் இல்லை.

சரி, அப்புறம் சண்டை எதுக்கு?

இந்த மாதிரி சிமுலேஷன்ல ஒவ்வொரு விமானமும் வானத்தில் தனியா பறக்குது. ஒரே உயரம், ஒரே வேகம், வேற யாருமே இல்லை. அன்னிக்குச் சிறந்த பாதை இதுதான்னு கம்ப்யூட்டர் சொல்லும். சந்தோஷம். ஆனா ஒரே ராத்திரியில் நூறு விமானத்துக்கும் அந்தக் கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட அதே பாதையைத்தான் சொல்லும்! ஜெட் ஸ்ட்ரீமோட நடு ஓட்டம் ஒண்ணுதானே இருக்கு. தீபாவளிக்கு முதல் நாள் எல்லாரும் "கூட்டம் இருக்காது, உள் ரோடு வழியா போயிடலாம்"னு நினைச்சு பெருங்களத்தூரில் மாட்டிக்கிற மாதிரி ஆகிடும். ட்ராக் போட்டதே கன்ட்ரோலர்களுக்குக் காத்து தெரியாததால இல்லை. ட்ராக்கையே காத்தைப் பார்த்துத்தான் போட்டாங்க. நடு ஓட்டத்தில் ஒரு ட்ராக், அதுக்கு ரெண்டு பக்கமும் மத்தது. நடு ட்ராக் கிடைச்சவனுக்கு நஷ்டம் கொஞ்சம். ஓரத்து ட்ராக் கிடைச்சவன் அழுவான். ஆக, இழப்போட பெரும்பகுதி நெரிசலுக்குக் கொடுக்கற விலை. அதைக் குறைக்க வழி பாதையில இல்லை, இடைவெளியில இருக்கு.

இதுக்கு நல்ல உதாரணம் கொஞ்ச வருஷம் முன்னாடியே நடந்திருக்கு. இரிடியம் நிறுவனத்தோட 66 புதுச் செயற்கைக்கோள்கள் மேல ஏரியான் என்கிற நிறுவனம் ஒரு ரிசீவரை ஏத்தி வச்சது. விமானம் தானா ஒலிபரப்புற இருப்பிடத் தகவலை வானத்திலிருந்தே கேட்கலாம். முன்னாடி கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை கிடைச்சது, இப்ப சில விநாடிக்கு ஒரு தடவை. 2019 மார்ச் கடைசியில் ஷான்விக்கும் கேண்டரும் இதைப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. முன்னால் போற விமானத்துக்கும் பின்னால் வர்றதுக்கும் 40 கடல் மைல் விட்ட இடத்தில், தகுதியுள்ள விமானங்களுக்கு 14 வரைக்கும் குறைக்க முடிஞ்சது. அப்புறம் கொரோனா வந்து கடலையே காலி பண்ணிக் குடுத்துச்சு. 2021-ல் சில நாள் மேற்கே போற ட்ராக்கே போடாம, அவனவன் விருப்பப்பட்ட பாதையில் விட்டுப் பார்த்தாங்க. 2022 மார்ச்சிலிருந்து 33,000 அடியும் அதுக்குக் கீழேயும் ட்ராக்கே கிடையாது, இஷ்டப்படி போகலாம்னு ஆக்கிட்டாங்க.

கவனிங்க, ரெடிங் ஆய்வில் எடுத்துக்கிட்ட குளிர்காலம் 2019 கடைசி, 2020 தொடக்கம். புது இடைவெளி வந்து முழுசா ஒரு வருஷம் கூட ஆகலை. ட்ராக் பழைய மாதிரியே இருந்த காலம். அதை வச்சு இன்னிக்கும் 16 சதவீதம் மிச்சம் இருக்குன்னு பேசறது, மெட்ரோ வர்றதுக்கு முன்னாடி எடுத்த டிராஃபிக் கணக்கை வச்சு அண்ணா சாலையைத் திட்டற மாதிரி.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், யாரும் பேசாத விஷயம். எரிபொருளை எப்ப போடறாங்க? கிளம்பறதுக்கு முன்னாடி. நடுக்கடலில் பங்க் கிடையாது. நல்ல பாதை கிடைக்கும்னு டிஸ்பேட்சருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே உறுதியாத் தெரிஞ்சாத்தான் குறைச்சுப் போடுவார். "கேட்டுப் பாருங்க, அங்க போனதும் கிடைச்சாலும் கிடைக்கும்"னு சொன்னா, மோசமான பாதைக்கு வேண்டியதையே போட்டு அனுப்புவார். நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். இதுல கொடுமை என்னன்னா, எரிபொருளைச் சுமக்கறதுக்கே எரிபொருள் செலவாகும். தொழில்ல சொல்ற தோராயக் கணக்கு, கூடுதலா ஏத்தின எடையில மணிக்கு மூணு நாலு சதவீதம். ஒரு டன் தேவையில்லாம ஏத்தி எட்டு மணி நேரம் தூக்கிட்டுப் போனா, கால் டன் சும்மா தூக்கினதுக்கே போயிடும். அதனால நெகிழ்வுங்கறது கடைசி நிமிஷத்தில் கிடைக்கிற சலுகையா இருந்தா பாதி பலன்தான். முந்தின நாளே நம்பற மாதிரி இருந்தாத்தான் முழு பலன். பழைய ட்ராக்குக்கு இந்த ஒரு நல்ல குணம் உண்டு. மோசமோ நல்லதோ, பல மணி நேரம் முன்னாடியே கையில இருக்கும். "ட்ராக் ஒழிக"ன்னு கோஷம் போடறவங்க இந்த உறுதிக்குப் பதிலா என்ன தரப்போறாங்கன்னு சொல்லிட்டுப் போடணும்.

மூணாவது, வந்து சேர்ற இடம். நான் இருக்கிறது விம்பிள்டன். எஃப்ரா ரோடு பிள்ளையார் கோயிலுக்குப் போயிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தா, தெற்கு லண்டன் மேல திரும்பற விமானம் ஒண்ணு ரெண்டாவது எப்பவும் இருக்கும். ஹீத்ரோவுக்கு வர்றவங்க காத்திருந்து வட்டமடிக்க நாலு இடம் இருக்கு: போவிங்டன், லாம்போர்ன், பிக்கின் ஹில், ஆக்கம். அட்லாண்டிக் மேல காத்தோட ஒட்டி உரசி பத்து நிமிஷம் மிச்சம் பண்ணிட்டு வந்து, ஆக்கம் மேல அதே பத்து நிமிஷம் வட்டமடிச்சா என்ன லாபம்? ஒண்ணும் இல்லை. காலங்காத்தால ஹீத்ரோவில் இறங்கவே கட்டுப்பாடு. ஜெட் ஸ்ட்ரீம் தள்ளிக்கிட்டு வந்து அஞ்சு மணிக்கே விட்டுடுச்சுன்னா வாசல்ல நிக்க வேண்டியதுதான். 2014-லிருந்து பிரிட்டன் ஒரு புத்திசாலித்தனமான வேலை பண்ணுது. ஹீத்ரோவில் தாமதம் தெரிஞ்சா, 350 கடல் மைல் தள்ளி இருக்கும்போதே, பக்கத்து நாட்டு கன்ட்ரோலர்கள் மூலமா "மெதுவா வாப்பா"ன்னு சொல்லிடறாங்க. உயரத்தில் மெதுவா வர்றது, கீழே வந்து சுத்தறதை விட எவ்வளவோ மேல். இதே யோசனையைக் கடலோட சேர்த்துப் போடணும்னு நான் சொல்றேன். 'சீக்கிரம் வந்து சேர்' என்கிற கணக்கை விட, 'இத்தனை மணிக்கு வந்து சேர், குறைஞ்ச எரிபொருளில் வா' என்கிற கணக்குதான் உண்மையான கணக்கு. அது செர்மெலோ கணக்கை விடக் கஷ்டம். ஆனா தீர்க்க முடியாதது இல்லை. என் முதுகலை ஆய்வுக்கு இதோட ஒரு குட்டித் துண்டைத்தான் கடிச்சுக்கிட்டு இருக்கேன், பல்லு வலிக்குது.

இடையில் ஒரு குட்டித் தகவல், எனக்கு ரொம்பப் பிடிச்சதுங்கறதால. ஜிபிஎஸ் வந்தப்புறம் விமானங்கள் ரொம்பத் துல்லியமாப் போக ஆரம்பிச்சிடுச்சு. அதுவே ஆபத்து. ஒரே ட்ராக்கில், ஒண்ணுக்கு மேல ஒண்ணு, ஆயிரம் அடி வித்தியாசத்தில், கோடு போட்ட மாதிரி. யாராவது ஒருத்தர் உயரத்தில் தப்பு பண்ணினா நேரா தலையில். அதனால இப்ப வேணும்னே ஒரு மைலோ ரெண்டு மைலோ வலது பக்கம் ஒதுங்கிப் போகலாம்னு விதி வச்சிருக்காங்க. துல்லியத்தைக் கெடுக்கறதுக்கு ஒரு விதி! பொறியியல் படிச்சவங்க ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னு கைதட்டலாம்.

இப்ப நம்ம ஊர்.

வங்காள விரிகுடாவின் பெரும்பகுதி வானம் சென்னை கன்ட்ரோல் கையில் இருக்கு. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக்கிலிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போற கூட்டம் ராத்திரியானா இது வழியாத்தான் வரும். என்571, பி570, எல்301-னு ரூட்டுகள். 2002 நவம்பரில் இமயமலைக்குத் தெற்கே ஐரோப்பா–ஆசியா பாதைகளை மொத்தமா திருத்தி அமைச்சாங்க. அதுக்கப்புறமும் நெரிசல் தீரலை, ஏன்னா எல்லாரும் ஆப்கானிஸ்தான் மேல இருந்த குறுகலான கதவுக்குள்ள நுழையணும். அதுக்காக பாங்காக்கிலிருந்து ஒரு டோக்கன் முறை நடத்தினாங்க. எந்த விமானம் எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் காபூல் எல்லைக்குள் போகணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடும். பாப்கேட்னு பேர், 2007-லிருந்து முறையா நடந்தது. 2021 ஆகஸ்டில் காபூலில் கன்ட்ரோல் சேவையே நின்னு போனப்ப அந்தப் போக்குவரத்து மொத்தமும் வேற வழி தேட வேண்டியதாச்சு.

என்571-னு சொன்னேனே, அந்தப் பேர் உங்களுக்கு எங்கயோ கேட்ட மாதிரி இருக்கலாம். 2014 மார்ச் 8-ல் காணாமப் போன எம்எச்370, மலேசிய ராணுவ ரேடாரில் கடைசியாத் தெரிஞ்சது மலாக்கா நீரிணையின் வடமேற்கு முனையில், இந்த என்571 பாதையை ஒட்டித்தான். அதுக்கப்புறம் ரேடாருக்கு எட்டலை. 239 பேர். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் கடல் மேல போற விமானம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது எங்க இருக்குன்னு அதன் நிறுவனத்துக்குத் தெரியணும்னு உலக அளவில் விதி வந்தது, 2018 நவம்பரில் நடைமுறைக்கு. எரிபொருள் மிச்சமும் ஆள் தேடறதும் ரெண்டு தனித்தனிக் கதைன்னு நினைக்காதீங்க. ரெண்டுக்கும் அடியில இருக்கிறது ஒரே குறை. கடல் மேல நமக்குக் கண்ணு இல்லை.

இந்தியப் பெருங்கடலில் இஷ்டப் பாதை முயற்சி நடக்கவே இல்லைன்னு சொல்ல முடியாது. எமிரேட்ஸ் துபாயிலிருந்து சிட்னி, மெல்போர்ன் போற விமானங்களுக்கு ஆஸ்திரேலியாவோட சேர்ந்து, தினம் காத்தைப் பார்த்து மாத்தற ட்ராக்கை இருபது வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. 2011-ல் இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூணு நாட்டு வான்வழி நிர்வாகங்களும் சேர்ந்து இன்ஸ்பைர்னு ஒரு கூட்டணி போட்டாங்க. அரபிக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் விமான நிறுவனமே பாதையைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறதுதான் அதன் மையம். செயற்கைக்கோள் வழி கண்காணிப்புக்கு நம்ம விமான நிலைய ஆணையமும் ஏரியானோட ஒப்பந்தம் போட்டது, மும்பை, கொல்கத்தா, சென்னை மூணு கடல் வானத்துக்கும் சேர்த்து.

அப்ப என்னதான் குறை? ஆராய்ச்சி. அட்லாண்டிக்குக்கு ஆயிரம் சிமுலேஷன் இருக்கு. வங்காள விரிகுடாவுக்கு விரல் விட்டு எண்ணலாம். அட்லாண்டிக் விடையை அப்படியே காப்பி அடிக்கவும் முடியாது, ஏன்னா காத்து வேற. அங்க ஜெட் ஸ்ட்ரீம் பாம்பு மாதிரி நெளியும், அதனால பக்கவாட்டில் நகர்ந்தா லாபம். நம்ம பக்கம் வெப்பமண்டலம். வருஷத்தில் பாதி நாள் விமானம் போற உயரத்தில் காத்து சாதுவா இருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மட்டும் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் ஓடும். வெப்பமண்டலக் கீழை ஜெட் ஸ்ட்ரீம். அதைக் கண்டுபிடிச்சு உலகத்துக்குச் சொன்னவர் நம்ம வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம், 1950-களில். அவரோட முக்கியமான கட்டுரை 1958-ல் வந்தது. அந்த ஜெட்டின் மையம் தென்னிந்தியா மேலேயே ஓடுது, சென்னை அட்சரேகையை ஒட்டி! ஆனா அது விமானம் வழக்கமாப் பறக்கற உயரத்துக்குக் கொஞ்சம் மேல. அதனால கேள்வியே மாறுது. இடது பக்கம் போகட்டுமா வலது பக்கம் போகட்டுமா என்கிறதை விட, எவ்வளவு மேல போகட்டும் என்கிறதுதான் இங்க முக்கியம். சிங்கப்பூரிலிருந்து மேற்கே போறவருக்கு இன்னும் ரெண்டாயிரம், நாலாயிரம் அடி மேல கிடைச்சா, மெல்லிய காத்தோட லாபமும் உண்டு, பின்னாலிருந்து தள்ளற காத்தும் உண்டு. கிழக்கே போறவர் அதே மாசத்தில் கீழே இருக்கறதா மேலே இருக்கறதான்னு யோசிக்கணும். இதுக்கு நடுவுல இடிமேகம். மழைக்காலத்துல விரிகுடா மேல அம்பதாயிரம் அடி வரைக்கும் எழும்பி நிக்கும், அதைச் சுத்தித்தான் போகணும். எந்தச் சிமுலேஷனும் காலையில எடுத்த கணிப்பை வச்சு ராத்திரி எந்த மேகம் எங்க நிக்கும்னு சொல்லாது. அப்ப உறுதியான பாதையை முந்தின நாளே எப்படிக் குடுப்பே? இது நிஜமாவே சுவாரசியமான ஆராய்ச்சிக் கேள்வி. லண்டன்–நியூயார்க்கைப் பதினோராவது தடவை அரைச்சு மாவு எடுக்கறதை விட எவ்வளவோ மேல்.

இதைச் செய்ய ஆளும் இடமும் நம்மகிட்ட இருக்கு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-லிருந்து ஏரோநாட்டிக்ஸ் சொல்லிக் கொடுக்குது. திரிசூலம் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினா ரெண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. ஐ.ஐ.டி.யும் ஒண்ணும் தூரம் இல்லை. காத்து விவரம் இலவசமாக் கிடைக்குது, ஐரோப்பிய வானிலை மையத்தோட பழைய தகவல் எல்லாத்தையும் யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். கிடைக்காதது ஒண்ணே ஒண்ணுதான். உண்மையில எந்த விமானம் எந்த உயரம் கேட்டுச்சு, எந்த உயரம் கிடைச்சுது, எத்தனை நேரம் காத்திருந்துச்சு என்கிற பதிவு. அது கன்ட்ரோல் அறையில் இருக்கு. அதைப் பெயர் நீக்கி, ஒரு வருஷம் பழசானதையாவது, பல்கலைக்கழகங்களுக்குக் குடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்? ஐரோப்பாவில் யூரோகன்ட்ரோல், பழைய விமானப் பாதைத் தகவலை ஆராய்ச்சிக்காகத் திறந்து வச்சிருக்கு. பாதுகாப்பு, ராணுவம்னு சொல்லுவாங்க, தெரியும். என்571-ல் போற சிங்கப்பூர் விமானம் 34,000 அடி கேட்டு 30,000 கிடைச்சதில் என்ன ராணுவ ரகசியம் இருக்குன்னு எனக்கு விளங்கலை. விமானம் போற பாதையைக் காசு குடுக்காமலே போன்ல பார்க்கறோம் இப்ப. கேட்டது என்னன்னுதான் தெரியலை.

இன்னொரு வாதமும் வரும். 2022 பிப்ரவரியிலிருந்து பிரிட்டன் விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடல். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடினப்ப, டெல்லியிலிருந்து ஐரோப்பா போறவங்க தெற்கே இறங்கி அரபிக் கடலைச் சுத்தினாங்க. ஒரே உத்தரவுல மணிக்கணக்கா கூடுது, இதுல நீ ரெண்டரை சதவீதம்னு பேசறியேன்னு. உண்மைதான், அந்த உத்தரவுக்கு முன்னாடி என் கணக்கு கொசு. ஆனா அந்த மாதிரி மூடறப்ப அத்தனை பேரும் எங்க போய் விழறாங்க? கடல் மேல. நேத்து வரைக்கும் காலியா இருந்த கடல் வானம் ஒரே ராத்திரியில் நிரம்பும். அன்னிக்கு எந்த உயரத்தில் எத்தனை பேர் போகலாம், எந்தப் பாதை தாங்கும்னு முன்னாடியே ஓட்டிப் பார்த்து வச்சிருந்தா, கன்ட்ரோலர் கையில ஏதாவது இருக்கும். இல்லைன்னா அவர் அந்த ராத்திரி பேப்பரும் பேனாவும் வச்சுக்கிட்டுத்தான் பாதை தேடணும்.

விரிகுடா மேல உயரக் கணக்கை ஒரு மழைக்காலத்துக்கு மட்டும் ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதிட்டு இருக்கேன். காத்து மட்டும்தான், நெரிசல் இல்லை. அதாவது மேல திட்டின அதே தனியா பறக்கற விமானம்தான், நெரிசலைச் சேர்க்க மேல சொன்ன பதிவு வேணுமே. சென்னையில் வான்வழிக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கற அண்ணன், அக்கா யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு சந்தேகம்: ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல மேற்கே போறவங்க அதிகமாக் கேட்டு, அதிகமா மறுக்கப்படற உயரம் எது? தகவலே வேண்டாம், அனுபவத்துல சொன்னா போதும். நான் 34,000-னு பந்தயம் கட்டியிருக்கேன். எதிர்ப் பந்தயம் கட்டினவர் பக்கத்து ரூம் யாழ்ப்பாணத்து அண்ணை, தோத்தா ஒரு மாசம் பாத்திரம் கழுவணும்.